கணுக்கால் சரிந்த பூட்ஸ்

திரும்பி வந்த முதல் ஜோடியைப் பிரித்தபோது இடது பூட்ஸுக்குள் ரத்தம் காய்ந்திருந்தது. உள்ளே தைத்திருந்த வெள்ளைத் துணி, குதிகால் படும் இடத்தில் பழுப்பாகி அட்டை மாதிரி விறைத்துப்போயிருந்தது. நான் பார்த்துவிட்டுக் கையை உள்ளே விடவில்லை. கையை விட்ட பிறகுதான் பார்த்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவனுக்கு அது பழக்கம். எந்தப் பீஸ் வந்தாலும் முதலில் கை உள்ளே போகும். உடைந்த ஊசிமுனையோ நூல் முடிச்சோ இருந்தால் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். அன்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது முகம் தெரியாத ஒரு ஆளின் குதிகால் தோல். எழுந்துபோய்ப் பைப்படியில் நெடுநேரம் கையைக் கழுவினேன்.

செக்கிங்கில் எனக்கு எதிர் மேசையில் உட்காரும் அக்கா கேட்டாள். "என்னங்ணா, பூட்ஸு கடிச்சுப்போட்டுதா?"

"இல்லக்கா. ரத்தம்."

"நம்ம ரத்தமா, அவங்க ரத்தமா?"

"அவங்க ரத்தந்தான்."

"அப்பச் சரீங்க. மத்தியானம் சோறு எறங்கும்."

செக்கிங்கில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அங்கே நான் ஒருவன்தான் ஆண். பெண்கள் சிரித்தால் எனக்குத் தலை தானாகக் குனிந்துகொள்ளும். நாற்பத்தேழு வயதிலும் அது மாறவில்லை.

எங்கள் கம்பெனி திருப்பூர் முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தகர ஷெட். ஒரு பக்கம் அட்டைப்பெட்டி கம்பெனி, மறுபக்கம் எலாஸ்டிக் கம்பெனி. முதலாளி முன்பு ஒரு குளிர்நாட்டுக்காரருக்கு ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்களின் ஜெர்சி தைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். துணியில் சொன்னபடி செய்கிறார்கள், பூட்ஸையும் செய்வார்கள் என்று அந்த நாட்டுக்காரர் நினைத்துவிட்டார். அந்த பூட்ஸின் அடியில் நீளமான இரும்புக் கத்தி இருக்கும். அதை மாட்டிக்கொண்டு ஐஸ் மேல் வழுக்கி ஓடி ஆடுவார்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஒரு ஆளுக்கானது. அந்த ஆளின் பாதத்தை அளவெடுத்து, கெட்டிப் பிளாஸ்டிக்கில் பாத அச்சு செய்து கூரியரில் அனுப்புவார்கள். அச்சைச் சுற்றி அடுக்கடுக்காக பைபர் ஷீட்டை வைத்துப் பசை போட்டு, சூடு காட்டி, அழுத்தி, ஆறவைத்தால் ஹெல்மெட் மாதிரி கெட்டியாகிவிடும். வேறு யார் காலும் அதில் பொருந்தாது. ஒரு ஜோடியின் விலைக்கு இங்கே ஓடுகிற நிலையில் ஒரு பழைய பைக் வாங்கலாம். அதனால் வாரண்டி உண்டு. ஒரு வருஷத்துக்குள் எது போனாலும் திரும்பி எங்களிடமே வரும். ரிவெட் விட்டது, கயிறு கோக்கும் வளையம் பிய்ந்தது, கத்தி பிடிக்கும் கட்டை விரிசல் விட்டது என்று வருவதையெல்லாம் பிரித்துப் பார்த்து, எது யார் கையில் நடந்த தப்பு என்று சொல்வது என் வேலை. புதிய ஜோடிகள் பெட்டிக்குள் போகும் முன் கடைசியாகப் பார்ப்பதும் நான்தான்.

நாங்கள் யாரும் ஐஸ் மைதானத்தைப் பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் ஒருவன் போனில் அந்த விளையாட்டைப் போட்டுக் காட்டினான். இரண்டு பேர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு ஒருவனின் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு முகத்தில் குத்திக்கொண்டார்கள். நடுவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் மேல் சிவப்பாகச் சொட்டியது. கூட்டம் மைதானத்தைச் சுற்றியிருந்த கண்ணாடியைத் தட்டிக் கத்தியது.

"ஏனுங்க, இவங்க ஆட்டத்தை உட்டுப்போட்டு ஆளையே அடிக்கறாங்க?" என்றாள் எதிர் மேசை அக்கா.

"அதுவும் ஆட்டத்துல சேத்திதானாம்," என்றான் போனை வைத்திருந்தவன்.

"அப்படீன்னா எங்க மாமியாளையும் என்னையும் இவங்க சேத்திக்கலாமுங்க. சம்பளம் கூடக் கேக்கமாட்டோம்."

நானும் சிரித்தேன். மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தார். போன் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

மேனேஜர் முதலாளியின் மைத்துனர். நெற்றியில் வைத்த திருநீறு சாயங்காலம்வரை கலையாது. குரல் உயராது. அவர் யாரையும் ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெருக்குகிற பெண்ணையும் வாங்க போங்க என்பார். அடிப்பதற்கு முன்னால் வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வாட்ச் கழன்றால் ஷெட்டில் மெஷின் சத்தம் மட்டும்தான் இருக்கும்.

அந்த ரத்தக்கறை ஜோடியில் கணுக்கால் பக்கச் சுவர் சரிந்து, உள்ளே மடிந்து, அந்த மடிப்புதான் ஆளின் குதிகாலை அறுத்திருந்தது. அடுக்குகள் பிரிந்து லேசாக உப்பியிருந்தன. அடுக்கு ஒட்டுவது பின்கட்டில் பசை வேலை பார்க்கும் ஒடியாக்காரர். முப்பதைத் தாண்டியவர். ஒடிசாவிலிருந்து இங்கே வந்து பல வருஷம் ஆகி நம் பேச்சு நன்றாக வந்துவிட்டது. நான் கண்டதைச் சொன்னேன். ஒட்டு விட்டிருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன். கண்டது அதுதான்.

மேனேஜர் அவரைத் தன் பக்கமாகக் கூப்பிட்டார். "இக்கட்டால வாங்க தம்பி. இதை ஒட்டுனது நீங்கதானுங்களா?"

"ஆமா சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அவர் குனிந்து பார்த்தார். குனிந்த முகத்தில் அறை விழுந்தது. பூட்ஸின் மேல் விழப்போனவர் மேசையைப் பிடித்து நின்றார்.

"பசை கம்மியாப் போட்டீங்களா?"

"இல்ல சார். அளவாப் போட்டேன். சூடு கரெக்ட். ஆற வெச்சுத்தான் எடுத்தேன்."

இரண்டாவது அறை காதில் விழுந்தது. "போய் வேலையைப் பாருங்க," என்றார் மேனேஜர். வாட்ச்சை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

வடக்கிலிருந்து வந்தவர்களின் அடையாள அட்டைகளெல்லாம் மேனேஜரின் மேசை டிராயரில் இருந்தன. அது இல்லாமல் வேறு கம்பெனிக்குப் போக முடியாது. ஒடியாக்காரர் போய் வேலையைப் பார்த்தார்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்கா புருஷன். எங்களுக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அக்காவைக் கட்டிக்கொண்டு அவர்தான் முதலில் திருப்பூர் வந்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டார். பனியன் கம்பெனிகளில் அயர்ன் போட்டே வயதாகிவிட்டது. வலது கை இடது கையைவிடப் பருமனாக இருக்கும். அவர் மேசையிலிருந்து சுருக்கத்தோடு ஒரு பீஸ் போனது கிடையாது. ஒரு சுருக்கத்தைக் கண்டால் யாரோ முகத்தில் துப்பிவிட்ட மாதிரி அவருக்குக் கோபம் வரும். ஜெர்சி தைத்த நாளிலிருந்து இந்த ஷெட்டில் பாயிலரும் அயர்ன் மேசையும் அப்படியே இருந்தன. பூட்ஸ் வேலை வந்தபோதும் அத்தான் அங்கேயேதான் நின்றார். ரிவெட் அடித்து முடித்த பூட்ஸ் அவர் மேசைக்குப் போகும். மேல்ஷீட்டில் கணுக்கால் வளையும் இடத்தில் மெல்லிய சுருக்கம் இருக்கும். அதற்கு ஸ்டீம் அடித்து அழுத்தி நீவிவிடுவார். பிறகு கூடையில் கிடக்கும். சாயங்காலம் கூடை என் மேசைக்கு வரும். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை. திருப்பூரில் அயர்ன் போடாத பீஸ் எதுவும் பெட்டிக்குள் போகாது.

அந்தக் கை அக்கா மேலும் விழும். வேலம்பாளையத்தில் ஒரே வரிசை லைன் வீடுகளில்தான் இரண்டு குடும்பமும். எனக்குக் குடும்பம் என்று சொல்ல நான் மட்டும்தான். அத்தானுக்குக் கம்பெனியில் யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அன்று சாயங்காலம் அக்கா உதடு வீங்கியிருக்கும். ஒருமுறை மதுக்கடையில் ஒருத்தன் இவரைப் பார்த்து, இஸ்திரிக்காரா என்று கூப்பிட்டுவிட்டான். அவன் தாடையை உடைத்துவிட்டு வந்தார். அவன் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் கோபம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சம் அக்காவுக்கு வந்தது. அவள் மறுநாள் தண்ணீர்க் குழாயில் நின்றபோது முந்தானையால் காதை மூடியிருந்தாள். நான் குடத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அவரிடம் பேச எனக்குப் பழக்கமில்லை.

அதன் பிறகு ஜோடிகள் வரிசையாகத் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் ஒரே கோளாறு, கணுக்கால் சரிந்திருந்தது. ஒன்றோடு ஒரு போட்டோவும் மேனேஜரின் போனுக்கு வந்தது. ஓட்டத்தில் பூட்ஸ் மடிந்து அந்த ஆள் சுவரில் மோதியிருக்கிறான். கால் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, பாதம் பார்க்கக்கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மேனேஜர் போனை ஒவ்வொருவர் முகத்துக்கு முன்பும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"பாருங்க. கண்ணை மூடாதீங்க, பாருங்க. இது நம்ம செஞ்ச வேலைங்க."

பின்கட்டு வாசலில் ஒடியாக்காரர் வந்து நின்றதும், மேனேஜர் என் மேசையிலிருந்த அந்த பூட்ஸை எடுத்து வீசினார். அடியில் கத்தியோடு இருந்தது. புருவத்துக்கு மேலே பட்டு நெற்றி பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கி, மூக்கு வழியாகக் கையிலிருந்த பசை டின்னுக்குள் சொட்டியது. எதிர் மேசை அக்கா கழிவுத்துணி மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி அவர் நெற்றியில் அழுத்தினாள்.

"கண்ணு தப்பிச்சுது," என்றாள் அவள், யாரையும் பார்க்காமல்.

"டின்னை மாத்திக்குங்க தம்பி," என்றார் மேனேஜர். "ரத்தம் கலந்தா ஒட்டாதுங்க."

டீக்குப் போனபோது அத்தான் சொன்னார். "வடக்கத்திப் பயலுவ. பாதிப் பசைய வித்துட்டு மீதியில தண்ணி ஊத்துவானுவ. நாலு பல்லக் கழட்டினாத் தன்னால ஒத்துக்கிடுவான்."

"அவர் அப்படிச் செய்யுத ஆளு மாதிரி தெரியல அத்தான்."

"ஒனக்கு என்னலே தெரியும்? பொம்பளைகளோட ஒக்காந்து நூலு வெட்டுத பயதான நீ."

நான் டம்ளரைக் கழுவி வைத்தேன்.

அந்த நாட்டுக்காரர் தன் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்வதாகச் செய்தி வந்தது. அவர் அனுப்பும் ஆள் மறுநாள் காலையில் வருவதாக இருந்தது. கோளாறு எங்கே என்று காட்டினால்தான் அடுத்த ஆர்டர் என்று சொல்லியிருந்தாராம். அன்று மத்தியானம் பெண்களையெல்லாம் மேனேஜர் அரைநாள் லீவில் அனுப்பிவிட்டார். தைக்கிறவர்களும் போனார்கள். ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். உள்ளே அவர், ஒடியாக்காரர், அத்தான், நான். திரும்பி வந்த ஜோடிகள் என் பொறுப்பில் இருந்ததால் என்னை இருக்கச் சொன்னார். மறுநாள் வருகிறவரிடம் நல்ல மாதிரியாகக் காட்ட ஒரு புதிய ஜோடி வேண்டும் என்றும் சொன்னார். அன்று காலையில் அச்சிலிருந்து எடுத்த ஜோடி ஒன்று இருந்தது. அதை என் மேசையில் தட்டிக் காட்டினார். மரக்கட்டை மாதிரி சத்தம் வந்தது.

"இப்படி இருக்கோணுமுங்க," என்றார். அத்தானிடம் கொடுத்தார். "நீட் பண்ணி அண்ணன்கிட்டக் குடுத்துருங்க."

பிறகு வாட்ச்சைக் கழற்றினார்.

ரிவெட் அடிக்கும் மெஷின் காலால் மிதித்து ஓட்டுவது. மிதித்தால் மேலிருந்து இரும்புக் குச்சி இறங்கும். அடுக்கு ஷீட்டு மொத்தத்தையும் ஒரே அடியில் துளைக்கும். மேனேஜர் ஒடியாக்காரரை அதன் முன் ஸ்டூலில் உட்காரவைத்தார். அவரது இடது கையைப் பிடித்து, உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி குச்சிக்கு நேர் கீழே வைத்தார். மணிக்கட்டைத் தன் முழங்கையால் அழுத்திக்கொண்டார். மறுகையில் போனைப் பிடித்து வீடியோ ஓடவிட்டார்.

"ரெண்டு வார்த்தைதானுங்க தம்பி. பசையில தண்ணி கலந்தேன்னு சொல்லிப்போடுங்க. அவர்கிட்டக் காட்டிப்போட்டு இதை அழிச்சர்றேன். உங்க கார்டையும் கையில குடுத்தர்றேன்."

"கலக்கல சார்."

"கலக்கலீன்னா ஏனுங்க பிரியுது?"

"தெரியல சார். என் பிள்ளை மேல சத்தியம்."

மேனேஜர் அவர் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு ஷீட்டைத் தள்ளி வைத்து மிதித்தார். குச்சி இறங்கி ஏறியது. ஷீட்டில் ஓட்டை விழுந்தது. ஒடியாக்காரரின் உடம்பு முழுக்க ஒரு உதறல் உதறியது. கை மட்டும் அசையவில்லை. அசைக்க விடவில்லை.

"அடுத்ததுக்கு ஷீட்டு வெக்கமாட்டனுங்க."

அந்த நேரத்தில்தான் அத்தான் என் கையில் பூட்ஸைக் கொடுத்தார். எப்போதும் கூடையில் கிடந்து ஆறி வருவது அன்று அவசரத்தில் நேராக மேசையிலிருந்து வந்தது. வாங்கும்போதே சுட்டது. பழக்கத்தில் என் கை உள்ளே போனது. வெளியே கட்டைவிரல் கணுக்கால் பக்கம் பட்டது. விரல் உள்ளே இறங்கியது. கொஞ்ச நேரம் முன்பு மரக்கட்டை மாதிரி சத்தம் போட்டது இது. இன்னொரு முறை அழுத்தினேன். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே ஏதோ நழுவுவது உள்ளேயிருந்த விரல்களுக்குத் தெரிந்தது. சூட்டில் படிந்தது சூட்டில் விட்டிருக்கிறது. ஆறினால் மறுபடி கெட்டியாகிவிடும். சாயங்காலம் என் கைக்கு வரும்போது கெட்டியாகத்தான் வந்திருக்கிறது, உள்ளே ஒட்டு விட்டுப்போய்.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் அயர்ன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ரிவெட் மெஷின் பக்கம் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இவரைச் சொன்னால் இவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்கு என்ன ஆகும் என்றுதான் தோன்றியது. மதுக்கடையில் ஒருவன் சொன்ன ஒற்றைச் சொல்லுக்கு அவள் காது கிழிந்தது. இது அவருடைய வாழ்நாள் வேலையைத் தப்பு என்று சொல்வது. அதை அவர் மைத்துனன் நானே சொல்வது. சொல்லாவிட்டால் அந்தக் கை போகும். பசை போடுகிறவனுக்குக் கை போனால் என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் நினைத்துக்கொண்டே பூட்ஸோடு நடந்து மெஷின் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னங்ணா? அப்பறம் வாங்க," என்றார் மேனேஜர். கால் பெடலின் மேல் இருந்தது.

நான் பூட்ஸை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"அப்பறம் வாங்கன்னு சொன்னனுங்க."

"அமுக்கிப் பாருங்க சார்."

என் குரல் எனக்கே பிடிபடவில்லை. கத்தியிருக்கிறேன் போல. அவர் போனை மெஷின் மேல் வைத்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினார். வெந்த கிழங்கில் இறங்குகிற மாதிரி விரல் இறங்கியது. விரலை எடுத்துப் பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

"இப்பத்தான் கல்லாட்டம் இருந்துச்சு?"

"அயர்ன் மேசையிலருந்து வருது சார். சூடு பட்டு ஒட்டு விடுது. எல்லா ஜோடியும் அங்க போய்த்தான் எனக்கு வருது."

மேனேஜரின் முழங்கை தளர்ந்தது. ஒடியாக்காரர் கையை இழுத்து இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"என்னலே சொல்லுத?" என்றார் அத்தான்.

நான் திரும்பினேன். "அத்தான், நீங்க வேணும்னு செஞ்சியன்னு சொல்லல. சூடு..."

"எம் மேசையில தப்புன்னா சொல்லுத? எம் மேசையிலயா?"

அயர்ன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்டீம் டியூபும் ஒயரும் ஒரு தூரம்வரை நீண்டு இழுத்துப் பிடித்தன. அவர் நிற்கவில்லை. ஒயர் தெறித்தது. டியூப் பிய்த்துக்கொண்டு தரையில் பாம்பாகத் துள்ளி ஷெட் முழுக்க ஆவியைக் கக்கியது. அந்த ஆவிக்குள்ளிருந்து அடி வந்தது. தலைக்குத்தான் ஓங்கினார். நான் ஒதுங்கியதில் வலது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் என் வாய்க்குள் கேட்டது. அப்புறம்தான் சூடு. சட்டை கருகித் தோலோடு ஒட்டிக்கொண்ட வாசனை. நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் மறுபடி ஓங்கினார்.

ஓங்கின கையை ஒடியாக்காரர் பின்னாலிருந்து பிடித்து முறுக்கினார். அயர்ன் பெட்டி கீழே விழுந்தது. இரண்டு பேரும் என் மேசை மேல் சாய்ந்து, திரும்பி வந்த ஜோடிகளோடு தரையில் உருண்டார்கள். அத்தான் பருமனான ஆள். ஆனால் அவர் மேசையில் நின்று வேலை செய்தவர், மற்றவர் மூட்டை தூக்கி வளர்ந்தவர். உருண்டு நின்றபோது ஒடியாக்காரர் மேலே இருந்தார். முட்டியால் அத்தானின் நெஞ்சை அழுத்திக்கொண்டு, கையில் கிடைத்த பூட்ஸைக் கத்தி கீழே வருகிற மாதிரி கழுத்துக்கு நேராக ஓங்கியிருந்தார். அவர் நெற்றித் தழும்பு பிளந்து மறுபடி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அது அத்தானின் கண்ணில் சொட்டியது. வாங்கின அடி எல்லாம் அந்தக் கையில் நின்றது.

"வெச்சுருங்க தம்பி," என்றார் மேனேஜர், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு.

அவர் சொன்னதை ஒடியாக்காரர் கேட்கவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்தபடி, "வேண்டாம். எங்க அக்கா வீட்டுக்காரர்," என்றேன். அதை அவர் கேட்டார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பூட்ஸைச் சுவரில் எறிந்தார். தகரத்தில் கத்தி குத்தி அப்படியே தொங்கியது.

மேனேஜர் பாயிலரை அணைத்தார். டியூப் அடங்கியது. வேறொரு பூட்ஸை எடுத்துப்போய், கீழே கிடந்த அயர்ன் பெட்டியில் மிச்சமிருந்த சூட்டில் வைத்துத் தானே அழுத்திப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். அவர் அதில் குனிந்திருந்த நேரத்தில் ஒடியாக்காரர் டிராயரைத் திறந்ததை நான் பார்த்தேன்.

"இத்தனை நாளா இதுதானுங்களா நடந்துட்டு இருந்துச்சு," என்றார் மேனேஜர். அத்தானிடம், "நீங்க நாளையிலருந்து வரவேண்டாமுங்க," என்றார். அத்தானை அவர் அடிக்கவில்லை. அத்தான் திருப்பி அடிப்பார் என்று அவருக்குத் தெரியும். ஒடியாக்காரரிடம் வருத்தம் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வாட்ச்சைக் கட்டிக்கொண்டு, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி அவரையே அனுப்பினார். மெஷின் விழுந்து அடிபட்டது என்று சொல்லச் சொன்னார்.

ஆட்டோவில் அவர் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டே வந்தார்.

"ரொம்ப வலிக்குதா அண்ணா?"

"ம்."

"பூட்ஸுக்கு அயர்ன் போடுவாங்களா?" என்றார். "எனக்குத் தெரியாது அண்ணா. நான் பின்னாடியே இருக்கேன். யார் அண்ணா பூட்ஸுக்கு அயர்ன் போடுவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தோள் உயிர் போகிற மாதிரி வலித்தது. அவர் சட்டைக்குள்ளிருந்து ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அடையாள அட்டைகள்.

"எல்லார்துமே எடுத்துட்டேன். ரூம்ல குடுத்துட்டு நான் ஊருக்குப் போறேன்."

ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கி, சீட்டு வாங்கிக் கொடுத்து, பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. மறுநாள் வந்தவரிடம் சூட்டுப் பிரச்சினை என்று சொல்லிச் சரிசெய்துவிட்டார்களாம். எதிர் மேசை அக்கா சொன்னாள். பசை வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டானாம். தகரத்தில் இருக்கும் ஓட்டைக்கு அட்டை வைத்து மறைத்திருக்கிறார்களாம்.

அன்று கட்டுப் போட்டுக்கொண்டு நேராக என் அக்கா வீட்டுக்குத்தான் போனேன். அத்தான் வரும் முன் அவளை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட நினைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"நீ போ. நான் பாத்துக்கிடுதேன்."

"வாக்கா."

"ஒரு கையை வச்சுக்கிட்டு நீ எங்க என்னக் காப்பாத்தப்போற. போ."

நான் போகவில்லை. அத்தான் விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தார். குடித்திருந்தார். என் தோள் கட்டைப் பார்த்தார்.

"எலும்பு போச்சா?"

"ஆமா அத்தான்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கைகளை விரித்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சோற்றுப்பானைக்குப் பின்னால் நின்றாள். கைகளைப் பார்த்தபடியே அவர் கேட்டார்.

"அயர்ன் போடாம எப்படிலே பெட்டியில வைப்பான்?"

நிஜமாகவே கேட்டார். அன்று அவர் அடிக்கவில்லை. மறுநாள் அக்காவை அடித்தார். வேலை கேட்டுப் போன இடத்தில் எவனோ பூட்ஸ் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அக்கா என் வீட்டு வாசலுக்கு ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள், கையில் ஒரு துணிப்பையோடு. ஒரு கண் முழுவதும் மூடியிருந்தது. பையை மூலையில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அத்தான் வாசலில் வந்து நின்றார். நான் எழுந்து கதவடியில் நின்றேன். தோள் கட்டோடு நான் நின்றதற்காக அவர் போனாரா, சுற்றி எல்லா வீட்டுக் கதவும் திறந்ததற்காகப் போனாரா, தெரியாது. போய்விட்டார்.

என்னால் கையைத் தூக்க முடியாது. அக்கா சோறு பிசைந்தாள். பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அந்த ஒடியாக்காரன் ஒனக்கு யாருலே?"

"யாருமில்ல."

"யாருமில்லாதவனுக்கு வாயத் தொறந்திருக்க." அவள் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு இத்தன வருசத்துல ஒருநாள் தொறக்கலியே."

நான் தலையைக் குனிந்தேன். அவள் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, சோற்றை உருட்டி, பல்லில் இடிக்கிற மாதிரி வாய்க்குள் வைத்தாள். நான் விழுங்குவதற்குள் அடுத்த உருண்டையை உருட்டிவிட்டாள்.